தவறி வந்த பணம் யார் தலையில்?

இன்ஷூரன்ஸ் கம்பெனி தவறுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘கவனிக்காமல் கொடுத்தது அவர்கள், நமக்கென்ன?’ என்றுதான் முதலில் தோன்றும். அந்த வாதம் 1841-லேயே இங்கிலாந்தில் அடிபட்டுப்போனது.

கெல்லி எதிர் சொலாரி வழக்கு அது. சொலாரி பிரீமியம் கட்டத் தவறியதால் அவருடைய ஆயுள் காப்பீடு காலாவதியாகியிருந்தது. பாலிசித் தாளில் பென்சிலால் அப்படிக் குறித்தும் வைத்திருந்தார்கள். அவர் இறந்ததும் இயக்குநர்கள் அதை மறந்து மனைவியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். அஜாக்கிரதையாகக் கொடுத்திருந்தாலும், உண்மை தெரியாமல் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றது நீதிமன்றம். தெரிந்தே கொடுத்திருந்தால் முடியாது. மறந்தது நிஜம்தானா என்று பார்க்க வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பினார்கள்.

நம்மூரில் இதற்கு 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு இருக்கிறது: தவறுதலாகப் பணம் பெற்றவர் திருப்பித் தர வேண்டும். அந்தப் பிரிவே ஓர் உதாரணமும் தருகிறது. இருவர் சேர்ந்து ஒருவருக்கு நூறு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள். ஒருவர் கட்டியது தெரியாமல் மற்றவரும் நூறு ரூபாய் கட்டுகிறார். வாங்கியவர் இரண்டாவது நூறைத் திருப்ப வேண்டும்.

ஆயுள் காப்பீட்டில் கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டே பேர். மருத்துவக் காப்பீட்டில் கம்பெனியே நேராக மருத்துவமனைக்குப் பணம் கட்டும் ‘கேஷ்லெஸ்’ முறையில் மூன்று பேர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு லட்ச ரூபாய் பில், பாலிசிப்படி 20 சதவீதம் நோயாளியின் பங்கு என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி அதைக் கழிக்க மறந்து முழு லட்சத்தையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறது. பணம் போனது மருத்துவமனைக்கு. ஆனால் அது செய்த சிகிச்சைக்கு வாங்க வேண்டியதைத்தான் வாங்கியது. இறங்கியது நோயாளியின் 20,000 ரூபாய்ச் சுமை. ஆகவே கேட்க வேண்டியது நோயாளியிடம் என்பதே என் கட்சி. நல்லெண்ணத்தில் கடனை வசூலித்த மருத்துவமனையை விட்டுவிட வேண்டும் என்று அமெரிக்க மாநில நீதிமன்றங்கள் பலவும் சொல்லியிருக்கின்றன. மருத்துவமனை கம்பெனியோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது தனிக் கதை.

அதே மருத்துவமனை 50,000 ரூபாய்க்குப் பேசிய அறுவை சிகிச்சைக்கு 65,000 வாங்கியிருந்தால் நிலைமை தலைகீழ். அந்த 15,000 யாருடைய கடனையும் தீர்க்கவில்லை. மருத்துவமனைதான் திருப்ப வேண்டும். ஆபீஸ் பாலிசியிலும் சொந்தப் பாலிசியிலும் ஒரே பில்லுக்கு முழுத் தொகை வந்துவிட்டால், செலவுக்கு மேல் வந்தது நோயாளியுடையது அல்ல.

கம்பெனிக்கும் கடிவாளம் உண்டு. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. தவறு தெரிந்த நாளிலிருந்து, அல்லது முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து அது எண்ணப்படும். பழைய நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தை, தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்தபின் கிளப்ப முடியாது, மோசடி நிரூபணமானால் தவிர. 2024-இல் வந்த விதி இது. இன்னொன்றும் உண்டு: எல்லாக் காகிதங்களையும் பார்த்துத் தீர்மானித்துக் கொடுத்துவிட்டு, பிறகு ‘இவ்வளவு நாள் அட்மிஷன் தேவையில்லை’ என்பது தவறு கண்டுபிடிப்பு அல்ல, மனமாற்றம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தால் உடனே செக் எழுதிவிடாதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். எந்தப் பில், எந்தத் தேதியில் யாருக்குப் போன பணம், பாலிசியின் எந்த விதிப்படி தவறு என்று எழுத்தில் கேளுங்கள்.