எழுதப்படாத சட்டம்



ஓர் இளைஞன் ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறான். முதல் நாளன்றே விதிமுறைப் புத்தகம் ஒன்றை அவன் கையில் கொடுக்கிறார்கள். வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒரு மாதத்திற்குள் எங்கும் அச்சாகாத மற்றொரு புத்தகத்தையும் அவன் படித்துவிடுகிறான். தவற்றை ஒப்புக்கொண்டவருக்கு என்ன நேர்ந்தது, பிறர் உழைப்பைத் தமதென்று சொன்னவருக்கு என்ன கிடைத்தது, அதிகாரி நுழைந்ததும் யார் யார் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதையெல்லாம் கண்ணால் கற்கிறான். பிறகு அவன் நடப்பது இந்த இரண்டாவது புத்தகத்தின்படியே.

அதை எழுதுபவர் யார்?

1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். கடைசி நிமிடங்களில் கணினி எச்சரித்து ஏவுதலை நிறுத்தியது. நிபுணர்களின் கருத்தைக் கேட்டபின், ஏவலாம் என்று முடிவெடுத்தவர் கலாமே. முதல் கட்டம் நன்கு இயங்கிற்று. இரண்டாம் கட்டம் கட்டுப்பாட்டை இழந்தது. பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் வங்காள விரிகுடாவில் வீழ்ந்தது.

செய்தியாளர்கள் காத்திருந்தனர். அப்போது இஸ்ரோவின் தலைவராக இருந்த சதீஷ் தவான், கலாமை அவர்கள்முன் நிறுத்தவில்லை. தாமே முன்சென்று தோல்விக்குப் பொறுப்பேற்றார். குழுவினர்மீது தமக்குள்ள நம்பிக்கையையும் எடுத்துரைத்தார். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று தவான் கலாமை அழைத்து, செய்தியாளர் கூட்டத்தை அவரையே நடத்தச் சொன்னார். கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் இதை நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

தோல்வி தலைவருக்கு, வெற்றி தொண்டருக்கு என்று எந்த விதிமுறைப் புத்தகமும் கட்டளையிடவில்லை. ஆனால் அன்று உடனிருந்து பார்த்தவர்களின் உள்ளத்தில் அது சட்டமாகப் பதிந்திருக்காதா?

அகங்காரத்திற்கு இரண்டு கைகள். ஒன்று வெற்றியைத் தன்பக்கம் இழுக்கும்; மற்றொன்று பழியைப் பிறர்பக்கம் தள்ளும். இவ்விரண்டையும் அடக்கிச் செய்யும் செயலே கர்மயோகம். கீதை கூறும் லோகசங்கிரகம், அதாவது உலகை நல்வழியில் நிலைநிறுத்துதல், இத்தகைய செயலால்தான் நடைபெறுகிறது. பெரியோர் சொல்வதைவிடச் செய்வதையே மற்றவர் பின்பற்றுகிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உண்மையைச் சொன்னவன் ஒருமுறை பலர் முன்னிலையில் அவமானப்பட்டால் போதும். அதன்பின் அந்த இடத்தில் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். 'நேர்மையே எங்கள் நெறி' என்று சுவரில் எழுதி மாட்டியிருக்கலாம். ஆனால் ஊழியர்கள் சுவரைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார்கள். தவறுகள் மறைக்கப்படும், சிறு விரிசல் பெரும் பிளவாகும். யாரும் பொய் சொல்ல உத்தரவிடவில்லை. ஆயினும் பொய் அங்கே வழக்கமாகிவிடும்.

'நான் சாதாரண ஊழியன்; என்னால் என்ன மாறும்?' என்று சிலர் கேட்கலாம். நமக்குப் பின் ஒரு நாள் கழித்துச் சேர்ந்தவனுக்கு நாமே பெரியவர். அவன் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அலுவலகம் மட்டுமன்று, நம் சேவை நிலையங்களிலும் இதே நிலைதான். அன்னதானம் முடிந்தபின் மேடையில் அமர்பவர்கள் யார், பாத்திரம் துலக்குபவர்கள் யார் என்பதைப் புதிய தொண்டர் கவனிக்கிறார். தொண்டைப் பற்றி நாம் ஆற்றும் சொற்பொழிவைவிட அந்தக் காட்சியே அவருக்கு உபதேசம்.

ஆகவே இரவில் தியானத்திற்கு அமரும்போது நம்மை நாமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இன்று எனக்கு உரியதல்லாத புகழை ஏற்றுக்கொண்டேனா? எனக்கு உரிய பழியை யார்மீதாவது சுமத்தினேனா? 'ஆம்' என்ற விடை வருமானால், மனம் வருந்துவதோடு நின்றுவிட வேண்டாம். மறுநாள் காலை உரியவரிடம் சென்று, நால்வர் அறிய அதைச் சொல்லித் திருத்திக்கொள்வோம்.

அந்த நால்வரில் ஒருவன் நேற்றுச் சேர்ந்த இளைஞனாக இருக்கலாம். அவன் படிக்கும் புத்தகத்தில் ஒரு நல்ல வரி சேரட்டும்.