அயலுக்குள் அடங்கும் ஊர்

குறைந்த எரிபொருளைக் கொண்டு ஒரு சிறுநகரம் நலமாக வாழ முடியுமா என்னும் வினாவுக்கு விடை பெரும்பாலும் கருவிகளிலேயே தேடப்படுகிறது. சூரிய மின்தகடு, காற்றாலை, மின்கலத்தில் ஓடும் வாகனம் ஆகியவற்றின் விலையும் திறனும் கணக்கிடப்படுகின்றன. ஆயினும் ஓர் ஊருக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதை அக்கருவிகள் வந்து சேர்வதற்கு முன்பே தீர்மானித்து வைத்திருப்பது, வீட்டுக்கும் சந்தைக்கும், பிள்ளைக்கும் பாடசாலைக்கும், நோயாளிக்கும் மருந்துக்கும் இடையே கிடக்கும் தூரமே. இந்த உண்மையை யாழ்ப்பாணக் குடாநாடு ஏட்டில் படித்து அறியவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தன் உடம்பால் உழைத்து அறிந்தது.

1990 ஜூன் மாதத்தில் இலங்கையின் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது, தேசிய மின்வலையமைப்பிலிருந்து வந்த மின்சாரம் நின்றது, அரசு விதித்த பொருளாதாரத் தடையால் பெற்றோலும் டீசலும் மின்கலங்களும் குடாநாட்டுக்குள் வருவது நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் மிகக் குறைந்த அளவில், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கீட்டின் வழியே வந்தது. வெளிச்சந்தையில் அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மக்கள் ஒரு போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சிறு குழாயொன்றில் திரியைச் செருகி விளக்கு ஏற்றினர். ஒரு தலைமுறை மாணவர்கள் அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதினர். பெற்றோல் இயந்திரங்களைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதிகட்டையைக் கையால் சுழற்றி, அதன் டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி கேட்டனர். விறகு, நெல் மூட்டை, நோயாளி, பிரேதம் என எல்லாமே துவிச்சக்கர வண்டியில் ஏறின.

எரிபொருள் என்பது உண்மையில் என்ன என்பதை இவ்விடத்தில் சற்று விளக்கவேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 கிலோவாற்று மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. கிலோவாற்று மணி என்பது ஆயிரம் வாற்று வலுவுள்ள கருவியொன்று ஒரு மணி நேரத்தில் செலவிடும் ஆற்றலின் அளவு. திடகாத்திரமான ஒருவர் நாள் முழுவதும் உடலால் உழைத்தால் அதில் பயன்படு வேலையாக வெளிப்படுவது சுமார் அரைக் கிலோவாற்று மணியே. ஆகவே அந்த ஒரு லீற்றருக்குள் ஒரு மனிதரின் இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட உழைப்பு அடைந்து கிடக்கிறது. அந்த ஆற்றலை ஒரு கார் என்ன செய்கிறது என்றால், முக்கால் பங்கு அளவில் வெப்பமாக வெளியே விட்டுவிட்டு, எஞ்சியதைக் கொண்டு ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட தன் எடையையே பெரும்பாலும் நகர்த்துகிறது. உள்ளே இருக்கும் அறுபது கிலோ மனிதருக்காக உண்மையில் செலவாவது சொற்பமே. இருபது கிலோவுக்கும் குறைந்த எடையில் அதே மனிதரைச் சமதரையில் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் கொண்டுபோகும் துவிச்சக்கர வண்டியை ஏழைமையின் அடையாளமாகப் பார்க்கும் மனம், எவ்வளவு பெரிய பொறியியல் சாதனையைக் காணத் தவறுகிறது என்பது வியப்புக்குரியது.

ஆனாலும் அந்தத் தடைக்கால ஆண்டுகளை நல்வாழ்வின் மாதிரியாக எவரும் எடுத்துக்காட்டலாகாது. மருந்துக்கும் சவர்க்காரத்துக்கும்கூடத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. குண்டுவீச்சின் கீழ், குளிரூட்டியும் மின்சாரமும் இன்றி வைத்தியசாலைகள் இயங்கிய காலம். பற்றாக்குறை என்பது பிறர் விதிப்பது. அளவு என்பது தாமே வகுத்துக்கொள்வது. தடையை எதிர்கொண்ட மக்களின் திறமையைப் புகழும் ஆர்வத்தில் தடையின் கொடுமை மறக்கப்படுமானால், அது அந்த மக்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதியாகும். கேட்கவேண்டிய கேள்வி வேறு: அவ்வளவு நெருக்கடியிலும் பாடசாலைகள் நடந்தன, சந்தைகள் கூடின, தோட்டங்கள் விளைந்தன என்றால், அதற்கு இடம்கொடுத்தது எது?

அதற்கு இடம்கொடுத்தது குடாநாடு அமைந்திருந்த விதமே எனலாம். ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்தச் சுண்ணக்கல் நிலம் மேடுபள்ளம் இல்லாதது. அதில் ஒரு பெருநகரம் எல்லாவற்றையும் விழுங்கி நிற்கவில்லை. சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடி, பருத்தித்துறை, சங்கானை, மானிப்பாய் எனச் சிறுநகரங்கள் வலைபோல் பின்னிக்கிடந்தன. ஒவ்வொன்றும் தன் சந்தையையும் கூட்டுறவுக் கடையையும் வாசிகசாலையையும் கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷன்களும் அவற்றுக்கு எதிர்வினையாகச் சைவர்களும் போட்டியிட்டு நிறுவிய பாடசாலைகள் கிராமந்தோறும் இருந்தமையால், கல்விக்காக நெடுந்தூரம் செல்லவேண்டிய தேவை குறைவாக இருந்தது. மூளாய் என்னும் கிராமத்தில் 1930களிலேயே மக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து வைத்தியசாலை ஒன்றை எழுப்பினர். இவற்றில் எதுவும் எரிபொருளைச் சேமிக்கும் நோக்கோடு கட்டப்பட்டதன்று. யாழ்ப்பாணத்தார் 'அயல்' என்று சொல்லும் சொல், பக்கத்து வீட்டையும் அங்குள்ள மனிதரையும் ஒருங்கே குறிப்பது. அந்த அயலுக்குள் பெரும்பாலான தேவைகள் அடங்கியிருந்ததே பிற்காலத்தில் கைகொடுத்தது.

போர் முடிந்த 2009க்குப் பின் பாதைகள் திறந்தன, 2014இல் ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது, தவணைக் கடனில் மோட்டார் சைக்கிள்கள் வீடுதோறும் வந்தன. இவற்றைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. மறுக்கப்பட்டிருந்தவை கிடைத்தபோது மக்கள் அவற்றை விரும்பியது இயல்பே. ஆயினும் பிள்ளையை அயலிலுள்ள பாடசாலையில் விடாமல் நகரத்துப் பெரிய கல்லூரிக்கு அனுப்பும் வழக்கம் வலுக்க வலுக்க, சிறிய பாடசாலைகளில் மாணவர் தொகை குறைந்தது, தூரம் வளர்ந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிய 2022இல் அந்தத் தூரத்தின் விலை தெரிந்தது. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்றும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்றும் அளவு விதிக்கப்பட்டது. கொட்டிலில் துருவேறிக் கிடந்த சைக்கிள்கள் வெளியே எடுக்கப்பட்டன. ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆசிரியர் சைக்கிளுக்கு மாறலாம். மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகில் கடலுக்குப் போகும் மீனவர் எதற்கு மாறுவார்? தரையில் வீணாகும் ஒவ்வொரு லீற்றரும் அத்தகையவரின் பங்கிலிருந்தே கழிகிறது என்பதால், சிக்கனம் என்பது தனிமனித ஒழுக்கம் என்ற எல்லையைத் தாண்டி, ஊருக்குள் நிகழவேண்டிய நீதிப் பங்கீடாகிறது.

எரிபொருள் ஊருக்குள் எரிவதாலேயே விளையும் கேடும் உண்டு. சுன்னாகத்தில் அனல்மின் உற்பத்தி நடந்த இடத்தைச் சூழ்ந்த கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்ததை மக்கள் முறையிட்டுப் போராடினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2019இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பாயிற்று. வற்றாத ஆறென ஒன்றும் இல்லாத குடாநாட்டுக்குக் கிணறே குடிநீர், கிணறே தோட்டம். சுண்ணக்கல்லின் வெடிப்புகள் மழைநீரை உள்ளே விடும் அதே எளிமையோடு எண்ணெயையும் உள்ளே விடுகின்றன.

கிணற்றைப் பற்றிப் பேசும்போதுதான் கருவி மாற்றத்தின் எல்லையும் தெளிவாகிறது. முன்பு துலாவால் நீர் இறைத்தனர். துலா என்பது ஆடுகாலின் மேல் பொருத்திய நீண்ட மரம். ஒருவர் அதன்மேல் முன்னும் பின்னும் நடக்க, மற்றவர் கீழே நின்று பட்டையில் வரும் நீரை வாய்க்காலில் ஊற்றுவார். பின்னர் மண்ணெண்ணெய் நீரிறைக்கும் இயந்திரம் வந்து, வெங்காயத்தையும் மிளகாயையும் பெரும் பணப்பயிராக்கியது. இன்று சூரிய ஒளியில் இயங்கும் இயந்திரங்கள் வருகின்றன. எண்ணெய்ச் செலவும் புகையும் இல்லை என்பதால் அவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் குடாநாட்டின் அடியில் நன்னீர், கடலின் உவர்நீர்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால் இது நிகழ்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கோட்பாட்டளவில் கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது மீற்றர் வரை நன்னீர் தாங்கி நிற்கும். அந்த ஒரு மீற்றரை இறைத்துத் தீர்த்தால் அடியிலிருந்து உவர் மேலேறும். துலா மிதித்தவர் களைத்து நின்றபோது கிணறு ஊறியது. மண்ணெண்ணெயின் விலை பின்னர் ஓரளவுக்கு அதே வேலையைச் செய்தது. களைப்பும் செலவும் இல்லாத இயந்திரம் வெயில் உள்ளவரை இறைத்துக்கொண்டிருக்கும். அதை எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதைத் தோட்டக்காரரும், அதே ஊற்றில் குடிநீர் அள்ளும் அயலாரும், கிணற்றடியில் கூடி நின்று பேசித்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.