மூச்சும் உரிமையும்
மூச்சுக்குழாயினுள் நுண்ணிழைகள் இடையறாது அசைந்து, தூசியையும் சளியையும் வெளியேற்றுகின்றன. புகையிலைப் புகை அவற்றை முடக்குகிறது, சளி தேங்குகிறது, நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி வேரூன்றுகிறது.

‘என் உடல், என் விருப்பம்’ என்பர் சிலர். பெங்களூரு நீலசந்திரா போன்ற நெருக்கமான குடியிருப்பில் ஒருவர் விடும் புகையை அடுத்த வீட்டுக் குழந்தையும் சுவாசிக்கிறது. அதன் விருப்பத்தைக் கேட்டவர் யார்?

முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று, புகைபிடிக்காதவரின் உயிர்வாழும் உரிமையைக் காக்கவே பொது இடங்களில் புகைபிடிப்பதை உச்ச நீதிமன்றம் தடை செய்தது. சட்டம் வாசலோடு நின்றுவிடும். வீட்டினுள் காவல் நிற்க வேண்டியது அஹிம்சையே.

விருப்பமெனத் தொடங்கிய பழக்கம், விட நினைக்கும்போது எஜமானனாகிவிடுகிறது. விட இயலாதது எங்ஙனம் சுதந்திரமாகும்? புகையைத் துறந்தவரின் நுண்ணிழைகள் மீண்டும் இயங்கத் தொடங்குகின்றன. உடல் காத்திருக்கிறது, மனம் துணியட்டும்.