முறிந்த காதலும் பெற்றோர் கடமையும்



கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ காதல் முறிந்து, ஊணுறக்கமின்றி வாடுவதைக் காண்கிறோம். உடனே, "விட்டது சனி! இனியாவது படிப்பைப் பார்" என்கிறோம். நாம் ஒப்பாத காதல் முறிந்ததற்கு நாம் ஏன் இரங்க வேண்டும் என்பது நம் எண்ணம். இது நியாயமா?

மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்த சிறுவனை, "ஏன் ஏறினாய்?" என்று விசாரித்துத் தீர்த்த பின்னரா வைத்தியரிடம் தூக்கிச் செல்கிறோம்? மனக்காயத்துக்கு மட்டும் வேறு சட்டமா? இவ்வேதனை பாசாங்கும் அன்று. 2011-ம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், அண்மையில் காதல் முறிந்த 40 பேருக்கு, பிரிந்தவரின் புகைப்படத்தைக் காட்டி மூளையைச் சோதித்தனர். கையில் சூடு பட்டால் கிளர்ந்தெழும் மூளைப் பகுதிகள் சில, அப்போதும் கிளர்ந்தெழுந்தன.

"அப்படியானால் பிள்ளை செய்வதையெல்லாம் தட்டிக் கொடுப்பதா?" என்பீர்கள். இல்லை. மனோதத்துவ சிகிச்சையும் வெறும் தாலாட்டு அன்று. 1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறையைப் பாருங்கள். "என்னை இனி எவரும் நேசிக்க மாட்டார்கள், என் வாழ்வு முடிந்தது" என்று மாணவன் சொன்னால், அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று அவனையே எண்ணிப் பார்க்கச் செய்கிறார் ஆலோசகர். கைவிட்ட படிப்பையும் நட்பையும் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்க வைக்கிறார். ஆனால், முதலில் செவி கொடுக்கிறார். பிறகே சிந்திக்கத் தூண்டுகிறார். இந்த வரிசையைத்தான் நாம் தலைகீழாக்கி விடுகிறோம். யாரும் காது கொடுக்காத துயரத்தில் எந்தப் புத்திமதியும் ஏறாது.

ஆகவே, இன்று கேளுங்கள். நாளை புத்தி சொல்லுங்கள். அவசரமாக வேறு வரன் தேடுவது மருந்தாகாது. ஆலோசகரை நாடுவது குடும்பத்துக்கு இழுக்கும் ஆகாது. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022-ல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416-ல், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

பிள்ளை யாரை நேசித்தது என்பதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். அது நம் பிள்ளை என்பதில் வேற்றுமை உண்டோ?