மேலே நிற்பவன்

ஃப்ரீடைவிங்கில் ‘ஃப்ரீ இம்மெர்ஷன்’ என்று ஒரு போட்டி. காலில் துடுப்பு கிடையாது, முதுகில் சிலிண்டர் கிடையாது. கடலுக்குள் தொங்கும் கயிற்றைக் கையால் இழுத்து இழுத்து, ஒரே மூச்சில் இறங்கி ஏற வேண்டும். 2016-ல் நியூசிலாந்துக்காரர் வில்லியம் ட்ரூப்ரிட்ஜ் இப்படி 124 மீட்டர் போய் வந்தார். நம்ம எல்.ஐ.சி. கட்டடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மேலே வந்ததும் 15 நொடிக்குள் முகத்தில் மாட்டியதைக் கழற்றி, விரலால் ‘ஓகே’ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் போன ஆழம் செல்லாது.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேன்ஹோலில் இறங்கினார். அடைத்திருந்தது எங்கள் வீட்டு டாய்லெட். “சீக்கிரம் ஆள் அனுப்புங்கண்ணே” என்று போன் பண்ணியதும் நான்தான். இப்படி ஆளை இறக்குவதை 2013-லேயே சட்டம் தடுத்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போன் பண்ணினேன்.

ஒருவரை வீரர் என்கிறோம், இன்னொருவரை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். ஏன்? அவர் விரும்பிப் போகிறார், இவர் வயிற்றுக்காகப் போகிறார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்களும் வயிற்றுக்காகத்தான் இறங்கினார்கள். கல்லின் பாரத்தில் கீழே போய், மூச்சு முட்டியதும் கயிற்றைச் சுண்டினால் படகில் இருப்பவர் இழுப்பார். அந்த வேலைக்கு மச்சானைத்தான் வைப்பார்களாம். தங்கச்சி தாலி அவன் கையில் அல்லவா!

ஆக, எதற்காக இறங்கினார் என்பதைவிட, எப்போது ஏறலாம் என்பது யார் கையில் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. போட்டிக்காரர் பாதியில் திரும்பினால் புள்ளிதான் போகும். முத்துக்குளிப்பவருக்குச் சுண்ட ஒரு நொடியாவது இருந்தது. சாக்கடையில் விஷவாயு அதிகமிருந்தால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார், சுண்டுவதற்குக் கை இருக்காது. தூக்கப் போனவரும் உள்ளேயே விழுந்து செத்த செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம். 2023-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. செத்த பிறகு வரும் கணக்கு அது.

அன்று கயிற்றைப் பிடித்திருந்தவர் குழிக்குள் குனிந்து கத்திக்கொண்டே இருந்தார். “மச்சான், கீறியா?”

உள்ளேயிருந்து, “கீறேன், கீறேன்.”

நிஜ மச்சானா, பழக்கத்தில் வந்த வார்த்தையா என்று நான் கேட்கவில்லை. அவர் ஏறி வந்ததும் பேசியதற்கு மேல் நூறு ரூபாய் கொடுத்தேன். கை படாமல், நோட்டின் ஓரத்தைப் பிடித்து நீட்டினேன்.