வீழ்த்திய மரத்திற்கு நாம் பட்ட கடன்

மரத்தை வெட்டியவர் ஒருவர், விற்றவர் வேறொருவர், வாங்கிக் கதவு செய்துகொண்டவர் மற்றொருவர். வினை இவர்களுள் எவரைச் சாரும்?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினை புகும் வாயில்களே என்பது அருகன் அறம். ஆயினும் இல்லறத்தார் மரமின்றி வாழ்தல் அரிது. ஆதலின், ஓரறிவுயிரைப் பயனின்றி வருத்தாமை அவர்க்கு விதிக்கப்பட்டது. பயனின்றி மரஞ்செடிகளை வெட்டுதல் குற்றம் என்று இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் உரைத்தார். அங்ஙனமாயின், பயன் என்பதற்கு அளவு யாது?

தேவதாரு இதனை விளக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மணமுள்ள மரத்துண்டின் பெயராகவே நம்மிற் பலர் அச்சொல்லை அறிவர். மேற்கு இமயச் சரிவுகளில் அது 150 அடிக்கு மேலும் ஓங்கி வளரும், பசுமை மாறாத ஊசியிலை மரம். எண்ணெய்ப் பசை உடைமையால் எளிதில் உளுத்துப் போகாது. ஸ்ரீநகர் ஜாமா மசூதியின் கூரையை 300-க்கும் மேற்பட்ட தேவதாருத் தூண்கள் நெடுங்காலமாகத் தாங்கி நிற்கின்றன. அதே மரம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடநாட்டு இருப்புப்பாதைகளுக்குச் சிலீப்பர் கட்டைகளாக அறுக்கப்பட்டது. கட்டைகள் ஆறுகளில் மிதந்து சமவெளிக்கு வந்தன. நூறாண்டு வளர்ந்த மரம் தண்டவாளத்தின் கீழ்ச் சில ஆண்டுகளிலேயே நைந்து மாற்றப்பட்டது. காடுகள் குறைவது கண்டு கவலையுற்ற ஆங்கில அரசு 1864-இல் வனத்துறையை நிறுவியது.

இரயில் நாட்டிற்குத் தேவையன்றோ என்பீர்கள். தேவையே. விழுப்புரம் சந்திப்பில் இன்று கான்கிரீட் கட்டைகள் சுமக்கும் பாரத்தை அன்று மரமே சுமக்க வேண்டியிருந்தது. ஆனால் தேவை என்று கூறிவிட்டால் கடன் தீர்ந்துவிடாது. ஒரு மரம் எத்தனை ஆண்டு வளர்ந்ததோ, அத்தனை ஆண்டேனும் அதனாற் செய்த பொருள் உழைக்க வேண்டும். பயனுக்கு அளவு இதுவே எனக் கருதுகிறேன்.

தேவதாருவுக்கு உரியது தேக்கிற்கும் பொருந்தும். திண்டிவனத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது, பாட்டனார் காலத்து நிலைகளும் கதவுகளும் பெயர்த்து விற்கப்படுகின்றன. இழைத்துச் சீர்செய்தால் அவை இன்னும் இரண்டு தலைமுறை நிற்கும். பழைய பாணி என்று அவற்றைத் தள்ளிவிட்டுப் புதுமரம் வாங்குகிறவர் கையில் கோடரி இல்லை. எனினும், எங்கோ ஒரு காட்டில் கோடரி ஓங்கப்படுவதற்கு அவர் உடன்பட்டவராகிறார்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை நம் வீட்டு நிலைப்படியிலிருந்தே தொடங்குவோமாக.