சிப்பந்தியின் கை யார் பற்றில்?

மனிதனுக்கு வரும் வியாதிகளில் சில அவனைப் படுக்கையில் தள்ளிவிடுகின்றன. வேறு சில அவனைப் படுக்கவும் வைப்பதில்லை; நிம்மதியாக வேலை செய்யவும் விடுவதில்லை. தோல் வியாதி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. காய்ச்சலில் கிடப்பவனைப் பார்த்தால் கல்நெஞ்சனுக்கும் இரக்கம் பிறக்கும். கை வெடித்து நிற்பவனைப் பார்த்தாலோ, "நிற்கிறானே, வேலை செய்யட்டும்" என்றுதான் தோன்றும். இப்படி நிற்கிற சிப்பந்திகளின் வைத்தியச் செலவை யாருடைய பற்றில் எழுதுவது என்பதே நாம் இங்கே யோசிக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

வியாதி வரும் வழியை முதலில் பார்ப்போம். சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவும் பையன் காலை முதல் இரவு வரை சவுக்காரத் தண்ணீரில் கையை வைத்திருக்கிறான். தோலுக்கு ஆண்டவன் கொடுத்திருக்கும் எண்ணெய்ப் பசையைச் சவுக்காரம் எடுத்துவிடுகிறது. பிறகு வெங்காயமும் பூண்டும் மிளகாயும் எலுமிச்சைச் சாறும் அந்த வெடிப்பில் இறங்குகின்றன. சிவக்கிறது, அரிக்கிறது, வெடிக்கிறது, கடைசியில் இரத்தம் கசிகிறது. முடி திருத்துகிறவருக்குச் சாயத்தால் வருவதும், கொத்தனாருக்குச் சிமெண்டால் வருவதும் இதைச் சேர்ந்தவையே. இவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் படர்தாமரை தொற்றும்; சிரங்கும் தொற்றும். சிரங்கு என்றால் ஒரே அறையில் படுக்கிற எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மருந்து பூச வேண்டும். ஒருவனுக்கு மட்டும் பூசினால் அது சுற்றிச் சுற்றி வரும். எது தொற்றுவது, எது தொற்றாதது என்று சொல்லத் தேர்ந்த கண் வேண்டும். அதனால்தான் டாக்டர் அவசியமாகிறார்.

நம் பினாங்கில் தோல் டாக்டரிடம் போகும் வழி என்ன? இந்நாட்டுப் பிரஜைக்கு வழி தெளிவாகவே இருக்கிறது. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிப் பார்க்கலாம். அங்கே டாக்டர் கடிதம் கொடுத்தால் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போகலாம். நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. முறைக்குக் காத்திருக்க வேண்டும், ஒரு பகல் வேலை போகும் என்பதைத் தவிர வேறு கஷ்டம் இல்லை. அவசரமென்றால் தனியார் நிபுணர் இருக்கிறார். அங்கே கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

இராமநாதபுரத்திலிருந்தோ தஞ்சைக் கரையிலிருந்தோ பெர்மிட்டில் வந்து நம் கடையில் நிற்கும் பிள்ளைக்கு இந்த 1 வெள்ளி வழி இல்லை. அந்நிய நாட்டவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் பல மடங்கு அதிகம். "அவனுக்குத்தான் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறோமே" என்று நம்மில் பலர் சொல்லுவோம். 2011-ஆம் வருஷம் ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளருக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் அது. ஆரம்பத்தில் வருஷத்துக்கு 120 வெள்ளி சந்தா. ஆனால் அந்தப் பத்திரம் அரசாங்க ஆஸ்பத்திரியில் படுக்கை போட்டுப் படுத்தால் ஆகும் செலவுக்கு உரியது. வாசலில் நின்று மருந்து வாங்கி வருகிறவனுக்கு அது பேசாது. தாய்நாட்டிலும் நிலைமை இதுதான். 2018-ல் இந்திய சர்க்கார் ஆரம்பித்த பெரிய வைத்திய இன்ஷூரன்ஸும் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகே கணக்கைத் திறக்கிறது. வெடித்த கைக்கு யாரும் படுக்கை கொடுப்பதில்லை. ஆகவே தோல் வியாதிக்காரன் எல்லாப் பத்திரங்களுக்கும் வெளியே நிற்கிறான்.

ஆனால் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதில்லை. பார்த்த சிலர் பேசுவதில்லை. அதுதான் சொக்சோ. 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி 1971-ல் அது ஏற்பட்டது. 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளரும் அதன் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். அப்போது அவர்களுக்காக முதலாளி கட்டிய பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு 1.25. இந்தத் திட்டம் விபத்துக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலையால் வருகிற வியாதிகளுக்கும் அந்தச் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. அதில் தோல் வியாதியும் இருக்கிறது. வேலையால்தான் வந்தது என்று ஒப்புக்கொள்ளப்பட்டால், சொக்சோவின் பட்டியலிலுள்ள கிளினிக்கிலும் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் ஆகும் வைத்தியச் செலவு அதன் பொறுப்பு. தோலைப் பார்க்கிற சர்க்கார் இன்ஷூரன்ஸ் எங்கே என்று தேடுகிறவருக்கு, நாம் மாதந்தோறும் சந்தா கட்டுகிற இடத்திலேயே அது இருக்கிறது.

அப்படியிருந்தும் அந்த வாசலில் ஏன் கூட்டமில்லை? இங்கேதான் தர்ம நியாயம் வருகிறது. "இந்தக் கை என் கடைத் தண்ணீரில் கெட்டது" என்று முதலாளி தம் கையெழுத்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் கொடுக்கத் தயங்காதவருங்கூட இந்த ஒரு வரி எழுதத் தயங்குகிறார். கடைக்குப் பெயர் கெடும் என்கிறார். அவன் ஊரிலிருந்தே கொண்டுவந்த வியாதி என்கிறார். ஒருவனுக்கு எழுதினால் நாளை ஒன்பது பேர் கை நீட்டுவார்கள் என்கிறார்.

இந்தப் பேச்சுகளை நாம் அலட்சியம் செய்யவில்லை. வியாபாரிக்குப் பெயரே முதல். ஆனால் தராசை வைத்துப் பார்ப்போம். ஊரிலிருந்தே வந்த வியாதியா, இங்கே வந்ததா என்பதைத் தீர்மானிப்பது டாக்டர்களின் வேலை. அதற்கென்று மருத்துவக் குழுவும் இருக்கிறது. நம்மிடம் கேட்கப்படுவது, அவன் என்ன வேலை செய்தான், எத்தனை மணி நேரம் செய்தான் என்ற உண்மை மட்டுமே. உள்ள எடையைச் சொல்வதற்குக் கூச்சமென்ன? நாளை ஒன்பது பேர் வருவார்கள் என்றால், ஒன்பது பேர் கை கெட்டிருக்கிறது என்றுதானே பொருள்? அப்போது வெட்கப்பட வேண்டியது சொன்னதற்கா, கெடவிட்டதற்கா?

வாடிக்கைக்காரருக்கும் ஒரு ஹக்கு உண்டு என்பதை மறக்கலாகாது. வெடித்த கையில் சீழ் பிடித்தால் அதிலுள்ள கிருமி சோற்றில் இறங்கி நஞ்சாகும். அப்படிப்பட்டவனைச் சோறு பரிமாற விடக்கூடாது என்பது நியாயம். ஆனால் "பரிமாறாதே" என்பது வேறு, "ஊருக்குப் போ" என்பது வேறு. அவனைக் கல்லாவிலோ சரக்கறையிலோ சில வாரம் வைத்தால் இரண்டு ஹக்கும் நிறைவேறும்.

நமக்குத் தெரிந்த ஒரு கடையில் நடந்ததைச் சொல்லுகிறோம், பெயர் வேண்டாம். ஒரு பிள்ளை மூன்று மாதம் தன் கையைத் துணியில் சுற்றி மறைத்து வைத்திருந்தான். முதலாளி கண்டுபிடித்து, "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். "சொன்னால் டிக்கெட் எடுத்துவிடுவீர்கள் என்று பயந்தேன்" என்றான். அந்த முதலாளி கெட்டவரல்ல. பெருநாளைக்குத் துணி எடுத்துக் கொடுப்பவர்தான். ஆனால் சிப்பந்தி தன் நோயை நம்மிடம் மறைக்கிறான் என்றால், நம் தர்மத்தைவிட நம்மைப் பற்றிய பயம் அவனிடம் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம்.

மறைப்பவன் சும்மா இருப்பதில்லை. யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த களிம்பைப் பூசுகிறான். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்குமே தவிரப் படர்தாமரையைக் கொல்லாது. அது உள்ளே பரவித் தன் அடையாளத்தையே மாற்றிக்கொள்ளும். பிறகு நிபுணருக்கே இனம் காண்பது சிரமம். தோலும் மெலிந்துபோகும். கடையில் இத்தகைய களிம்பு வைத்து விற்கிற சகோதரர்கள் இதைக் கொஞ்சம் சிந்திக்க வேண்டும். சில வெள்ளி லாபத்துக்காக டாக்டரிடம் போக வேண்டியவனை நாமே வழிமறிக்கலாமா?

இந்த ஊரில் வியாபாரிகள் நோயாளியை மறந்ததில்லை. லாம் வா ஈ ஆஸ்பத்திரி 1883-ல் சீனப் பிரமுகர்கள் ஏழைகளுக்கு இலவசமாகச் சீன மருந்து கொடுக்க ஆரம்பித்த இடம். இன்று பெரிய ஆஸ்பத்திரியாக நிற்கிறது. நம் முன்னோர் 1801-ல் கப்பித்தான் பள்ளிவாசலை எழுப்பி, வரப்போகிறவர்களுக்காக வக்ஃபு விட்டுப் போனார்கள். அவர்களுக்கு முகம் தெரியாதவர்களைப் பற்றிக் கவலை இருந்தது. நமக்கு, தினம் முகம் பார்க்கிறவனைப் பற்றியாவது இருக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. தட்டுக் கழுவுகிறவனுக்கு ரப்பர் கையுறையும், உள்ளே போடப் பருத்திக் கையுறையும் வாங்கிக் கொடுப்போம். வேலை முடிந்ததும் பூச வாஸ்லின் டப்பா ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியருகில் வைப்போம். கழுவும் வேலையை ஒருவன் தலையிலேயே போடாமல் முறை மாற்றுவோம். கை சிவந்ததுமே கிளினிக்குக்கு அனுப்பி, அந்த அரை நாளைச் சம்பளத்தில் பிடிக்காமல் விடுவோம். மலாய் தெரியாதவனுடன் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்புவோம். வேலையால் வந்தது என்று டாக்டர் சொன்னால் சொக்சோவுக்கு எழுதுவோம். வேலையால் வராததென்றால் முடிந்த மட்டும் நாமே கொடுப்போம்.

இன்ஷூரன்ஸ் சந்தா கட்டிய ரசீது சட்டத்துக்கு நாம் கொடுத்த பதில். சிப்பந்திக்குக் கொடுக்க வேண்டிய பதில் அந்த ரசீதில் இல்லை. அவன் நம்மிடம் தன் கையை ஒப்படைத்திருக்கிறான். ஒப்படைத்த பொருள் அமானிதம்; அது வந்தபடியே திரும்பிப் போக வேண்டும். பெர்மிட் முடிந்து அவன் விமானம் ஏறும் நாளில், தாய் அவன் கையைப் பிடித்துப் பார்ப்பாள். அந்தத் தாய்க்கு நாம் என்ன கணக்குக் காட்டப்போகிறோம் என்பதை இன்றே எழுதி வைத்துக்கொள்வது வியாபாரிக்கு அழகு.